கரைவலை அனிமேஷன் குறும்படம்: 4ஆம் ரஃப் கட்டுக்கு (தோராயத் தொகுப்புக்கு) முன்னால்

வணக்கம் மக்களே. 3ஆம் கட் 4:10 நிமிசம் ஓடுது. 3:20க்கு இறக்கணும்.

முதல்ல ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம்னு. எல்லாரும் 24ல வைங்க, ரெண்டு ஷாட் 25ல இருக்கு. 24க்கு அனிமேட் பண்ணின 3 நிமிசத்தை 25ல ஓட்டினா 7 விநாடி சுருங்கும், ஒலி விலகிடும்.

ஷாட்டுக்கு முன்னும் பின்னும் 8 ஃபிரேம் கூடுதலா விடுங்க. இல்லேன்னா வெட்டை நகர்த்தவே இடமிருக்காது. 960×540 வியூபோர்ட் ரெண்டர் (வேலை செய்யுற திரையில தெரியுறதை அப்படியே எடுக்குற வேகமான ரெண்டர்) போதும், ஃபிரேம் எண் படத்துமேலயே பதிஞ்சிருக்கணும்.

14ஆம் ஷாட்தான் படத்தோட உயிர். வலை இழுக்கையில உடம்பு சாயுறதும் கயிறு விறைக்கிறதும் வலை அசையுறதும் ஒரே ஃபிரேம்ல நடக்குது, அதான் பாரமே தெரியல. உடம்பு முதல்ல சாயட்டும். 4 ஃபிரேம் கழிச்சுக் கயிறு விறைக்கட்டும், இன்னும் 6 கழிச்சு வலை அசையட்டும். கயிறு விறைக்கிற ஃபிரேம்லயே வெட்டுங்க.

அலையும் தப்பு. கதை பாம்பன் வடகரையில, அலை அடங்கின பெண்கடல்ல (பாக் விரிகுடா) நடக்குது. நீங்க தென்பக்கத்து ஆண்கடலோட (மன்னார் வளைகுடா) பெரிய அலையைப் போட்டிருக்கீங்க. உயரத்தைக் குறைங்க.

டைமிங் முடியுற வரை லைட்டிங், துணி சிமுலேசன் (துணி அசையுறதைக் கணினியே கணக்குப் போடுறது) பக்கம் போகவேண்டாம். வெட்டுற ஃபிரேமுக்கு ராத்திரி பூரா ரெண்டர் ஓடுறது வீண்.

ஞாயிறு ராத்திரி 9 மணிக்குள்ள அனுப்புங்க. வீடியோவா போட்டா வாட்ஸ்அப் நசுக்கிடும், டாக்குமென்டா போடுங்க.