என் தம்பியின் வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் தம்பி இந்த வருடம் ஐடிஐ முடித்துவிட்டான். உடம்பை வருத்தும் வேலை ஆகாது என்பதால் கம்ப்யூட்டர் பிரிவு எடுத்தான். சான்றிதழ் கைக்கு வந்த அன்று, அவனுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் அம்மா அதையும் மடங்காமல் வைத்தார். அதைப் பார்த்த ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் நீலகிரி கூடலூர் பக்கத்துப் பணியர் பழங்குடியினர். தம்பிக்கு இருப்பது அரிவாள் செல் சோகை. எங்கள் காலனியில் 'சிக்கிள்' என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் புரியும். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போகும். சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. மற்றவர்களுக்கு 120 நாள் இருக்கும் சிவப்பணு இவனுக்குப் பத்து, இருபது நாளில் உடைந்துவிடும். அதனால்தான் எந்நேரமும் சோர்வு, கண்ணில் மஞ்சள்.

இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டறிந்ததே எங்கள் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான், 1952ல். என் தம்பியின் நோய்க்கு அந்தப் பெயரை நாங்கள் கேட்டது 2012ல், அவனுடைய ஏழாவது வயதில். நடுவில் 60 வருடம். எங்கள் பாட்டி இரண்டு பிள்ளைகளைப் புதைத்தது அந்த வருடங்களில்தான். என்ன வந்தது பாட்டி என்று கேட்டால், "காய்ச்சல்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

2012க்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு போடுவதில்லை என்று அம்மாவைத் திட்டி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வேறோர் இடத்தில், "அழுது நடிக்கிறான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்கள். வலி வெளியே தெரியாதே. காயம் இல்லை, கட்டு இல்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அம்மா அப்புறம் எங்கேயும் வாய் திறப்பதில்லை.

முதலில் நம்பியது எங்கள் காலனிக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அக்கா. அவரும் நம் ஆள்தான். தம்பியின் வீங்கிய விரல்களைப் பார்த்ததுமே, "வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று பாட்டியிடம் கேட்டார். அதுவரை யாரும் பாட்டியிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு துளி ரத்தம் எடுத்தார். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனைக்கு அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா, அன்று பஸ்ஸில் தம்பி உங்கள் மடியில்தான் தூங்கினான். அம்மா இன்றும் அதைச் சொல்லுவார்.

அந்த ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அங்கே நர்ஸ்களில் பலரும் மலைச் சமூகத்துப் பெண்கள். ஓர் ஆடி மாத ராத்திரி, மழை கொட்டுகிறது, கரண்ட் இல்லை. தம்பிக்குத் தொடை எலும்பிலும் முதுகிலும் வலி. சத்தமாக அழக்கூடத் தெம்பில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் பேச்சிலேயே கேட்டார்: "போன மழைக்கு வந்த வலியைவிடக் கூடவா, குறைவா?" கூட, என்று தலையாட்டினான். உடனே ஊசி, குளுக்கோஸ், காலடியில் துணி சுற்றிய வெந்நீர் பை. எந்த வலி எவ்வளவு என்று அவனுக்குச் சொல்லத் தெரிந்தது அன்றிலிருந்துதான்.

அந்த ராத்திரி எங்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் டிரைவர் அண்ணா, உங்கள் சால்வை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. திருப்பித் தர வந்தபோது வேண்டாம் என்றுவிட்டீர்கள். குளிர் பட்டால் இவனுக்கு வலி வரும் என்று யாரும் சொல்லாமலே நீங்கள் போர்த்திவிட்டது.

ஆறாம் வகுப்பு டீச்சர், நீங்கள் செய்தது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கேட்காமல் பாத்ரூம் போகவும் விட்டீர்கள். இந்த நோயில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி வெளியே போகவும் வேண்டும். அதற்கு முந்தைய வருடம் கூச்சத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்து இரண்டு முறை படுக்கையில் விழுந்தவன் அவன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ரத்தம் கொடுக்க வந்த ஆட்டோ அண்ணன்களே, உங்களில் பாதிப் பேருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. எங்களுக்கும் உங்கள் பெயர் தெரியாது. உங்கள் ரத்தம் அவன் உடம்பில் ஓடியது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் கேரியர். நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம். கணவனும் மனைவியும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்னால் இதை மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். ஆலோசனை சொல்லும் அக்கா எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து, இரண்டு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார். கல்யாணத்தை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. பரிசோதித்துப் பாருங்கள், தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள் என்றார். மாப்பிள்ளைக்கு இல்லை என்று வந்தது. என் மகளுக்கு இப்போது மூன்று வயது.

2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தார்கள். நல்லது, எங்கள் பக்கம் மாதிரி எல்லா மலையிலும் நடக்கட்டும். பரிசோதனைக்குப் பிறகு இந்த நோய்க்குத் தினமும் சாப்பிடும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை தீராமல் கிடைக்க வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், வலி என்றால் நம்ப ஓர் ஆள் வேண்டும். தம்பிக்கு இவை மூன்றும் கிடைத்தன. பாட்டியின் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சிஸ்டர், செவ்வாய்க்கிழமை மாத்திரைக்கு வருகிறோம். சான்றிதழை உங்களிடம் காட்ட வேண்டுமாம், அதற்காக அம்மா கவரோடு வருகிறார். பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா