வளையல் கேட்ட சிறுமி

துலூஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, நகைக்கடை பொம்மையா?" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

படத்தில் இருக்கிற ஊரின் பெயர் கோன்க், தெற்கு பிரான்ஸில் இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும்போது எனக்கு வயிற்றைப் பிரட்டியது. மாப்பிள்ளை இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார், பாவம். ஊர் மொத்தமுமே சில நூறு பேர்தான். மலைச் சரிவில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. கூரைக்கு ஓடு கிடையாது, மீன் செதிள் மாதிரி தட்டைக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். நடுவில், அந்தச் சின்ன ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய கிறிஸ்தவக் கோவில். ஊரால் கோவில் இல்லை, கோவிலால்தான் ஊர்.

கோவிலுக்குரியவள் சேன்த் ஃபுவா. சேன்த் என்றால் புனிதை, ஃபுவா என்றால் விசுவாசம் என்று பேத்தி சொன்னாள். ஆஜென் என்ற ஊரில் பிறந்த பன்னிரண்டு வயதுப் பெண். கிறிஸ்துவை விடமாட்டேன் என்று சொன்னதற்காக 303-ஆம் ஆண்டு வாக்கில் ரோமானியர்கள் கொன்றுவிட்டார்கள். அவளுடைய எலும்புகள் ஆஜெனில்தான் இருந்தன. கோன்க் மடத்துத் துறவிகளிடம் பெயர் சொல்லும்படியான புனிதர் யாரும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு துறவியை ஆஜெனுக்கு அனுப்பினார்கள். அவர் பத்து வருஷம் அங்கேயே தங்கி, எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கி, கல்லறைக்குக் காவலாகவும் ஆகி, ஒரு ராத்திரி எலும்புகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாராம். 866-ல் நடந்தது என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இங்கே யாரும் இதை மறைப்பதில்லை. அவளே விரும்பித்தான் வந்தாள் என்பது அவர்கள் கட்சி.

நீ நகைக்கடை பொம்மை என்று சொன்னது அவளைத்தான். 85 சென்டிமீட்டர் உயரம், உள்ளே மரம், மேலே தங்கத் தகடு. சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். சிறுமியின் முகமே இல்லை, முறைக்கிற ஆம்பிளை முகம். தலை மட்டும் இன்னும் பழையது, ரோமானியக் காலத்துத் தங்கத் தலையை எடுத்து வைத்திருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் கல்லும் முத்தும் படிகமும், பல நூற்றாண்டாக ஜனங்கள் கொடுத்தது. உற்சவர் மாதிரி ஊர்வலமும் போயிருக்கிறாள். மடத்து நிலத்தை யாராவது வளைத்துப் போட்டால், துறவிகள் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த நிலத்துக்கே போய்விடுவார்களாம். வக்கீல் ஃபீஸ் மிச்சம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் சமயபுரத்தில் நான் வெள்ளிக் கண்மலர் போட்டபோது, "டாக்டருக்குக் கொடுத்தது போதாதாம்மா?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

உன்னை மாதிரியே ஒருவர் 1013-ல் இந்தப் பக்கம் வந்தார். பெர்னார் என்று பெயர், வடக்கே ஆன்ழே ஊரில் வாத்தியார், நன்றாகப் படித்தவர். வருகிற வழியில் இதே மாதிரி இன்னொரு புனிதரின் தங்கச் சிலையைப் பார்த்துவிட்டு, "ஜூபிடருக்கோ மார்ஸுக்கோ வைத்தால் பொருத்தமாக இருக்கும்" என்று, பழைய ரோமானிய சாமிகளின் பெயரைச் சொல்லி, கூட வந்தவரிடம் லத்தீனில் கிண்டல் அடித்தார். சுற்றி நின்ற கிராமத்து ஜனங்களுக்கு லத்தீன் புரியாது என்ற தைரியம். நீயும் கோவிலில் இங்கிலீஷில்தான் முணுமுணுப்பாய்! கோன்க்குக்கு வந்து, ஜனங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்தவர், கடைசியில் தான் சிரித்தது தப்பு என்று தானே எழுதிவைத்தார்.

அவர் முதலில் எழுதியது கீபேர் என்பவனின் கதை. அவனுடைய எஜமானான பாதிரியே கோபத்தில் அவன் கண்களைப் பிடுங்கிவிட்டார். ஒரு வருஷம் கழித்து, சேன்த் ஃபுவாவின் திருநாளுக்கு முந்தின இரவில் பார்வை திரும்பி வந்தது என்று கதை. அதைக் கேட்டபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை, சமயபுரத்து வாசலில் தட்டில் அடுக்கி விற்கிற அந்தக் கண்மலர்தான்.

நகை ஆசையும் அவளுக்கு நிறைய. துலூஸ் கோமகனின் மனைவி ஆர்சேந்தின் கனவில் வந்து, உன் பொன் வளையல்களைக் கொண்டுவந்து என் பீடத்தில் வை என்று கேட்டிருக்கிறாள். ஆர்சேந்துக்குப் பிள்ளை இல்லை. "பிள்ளை கொடு, தருகிறேன்" என்று இவளும் பேரம் பேசினாள். வளையல் போயிற்று, இரண்டு ஆண் பிள்ளைகள் வந்தன. நகை கேட்டு அடம்பிடிக்கிற, கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிற சின்னப் பெண். இதைப் பேத்தி பிரெஞ்சுப் பலகையிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லும்போது, எனக்கு அது வேற்று நாட்டுக் கதையாகவே படவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசாங்கம் கோவில் தங்கத்தை எடுத்து உருக்கப் பார்த்தது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்த் தோட்டத்திலும், செஸ்ட்நட் கொட்டை உலர்த்தும் கொட்டகையிலும் ஒளித்துவைத்தார்கள். ஆபத்து தீர்ந்ததும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏழை ஊர், அதை மறந்துவிடாதே.

கோவில் வாசலுக்கு மேலே, உலக முடிவில் கடவுள் சொல்லும் கடைசித் தீர்ப்பைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. 124 உருவங்கள், சிலவற்றில் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. சொர்க்கப் பக்கம் எல்லோரும் வரிசையாக நல்ல பிள்ளைகளாக நிற்கிறார்கள், எனக்குச் சலிப்பாக இருந்தது. நரகப் பக்கம்தான் வேடிக்கை. கஞ்சனைக் கழுத்தில் பணப்பையோடு தொங்கவிட்டிருக்கிறார்கள். திருட்டு வேட்டைக்காரனை முயலே கம்பியில் கோத்து வாட்டுகிறது. ஆத்மாக்களை எடைபோடும் இடத்தில் பேய் தராசுத் தட்டை விரலால் அழுத்திக் கள்ளத்தனம் பண்ணுகிறது, நம் காந்தி மார்க்கெட்டில் நான் சண்டை போடுவேனே, அதே விரல். ஓரத்தில் கல் நாடாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. பேத்தி அவற்றை விட்டு நகரவே இல்லை.

உள்ளே 104 ஜன்னல்கள், ஒன்றில்கூட வண்ணம் கிடையாது. பியேர் சூலாஜ் என்ற ஓவியர் செய்தது. பக்கத்து ரொதேஸ் ஊர்க்காரர், கறுப்பு ஓவியங்களால் பெயர் வாங்கியவர். சிறு வயதில் இந்தக் கோவிலைப் பார்த்துத்தான் ஓவியராவது என்று முடிவு செய்தாராம். 1994-ல் ஜன்னல்கள் முடிந்தபோது எதிர்ப்பும் இருந்திருக்கிறது. நானும் முதலில் பால் பாக்கெட் நிறத்தில் என்ன கண்ணாடி என்றுதான் நினைத்தேன். மத்தியானம் போய் மறுபடி சாயங்காலம் வந்தால், அதே கண்ணாடியில் நீலமும் ஆரஞ்சும் ஓடுகின்றன. வெளியே வெயில் மாறுவதைக் கண்ணாடி சொல்கிறது, அவ்வளவுதான். படத்தில் வரவில்லை, நீ நேரில்தான் பார்க்க வேண்டும்.

லெ ப்புயி என்ற ஊரிலிருந்து 200 கிலோமீட்டர் நடந்து வருகிற யாத்திரிகர்கள் முதுகுப் பையில் சிப்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு திண்ணைகளில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நம் பழனிப் பாதயாத்திரைக்காரர்களின் கொப்புளம்தான். அவர்கள் ஸ்பெயினில் இருக்கிற சந்தியாகோ கோவில்வரை போக வேண்டும், சிப்பி அந்த யாத்திரையின் அடையாளம்.

சிலை இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது. அவள் என்னை முறைத்தாள். என் கை தானாக வளையலுக்குப் போனதைப் பேத்தி பார்த்துவிட்டாள். "பாட்டி, உண்டியல் வெளியே இருக்கு" என்றாள். இரண்டு யூரோ போட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதே.

அப்பாவுக்கு ராத்திரி சொட்டு மருந்து ஒன்பது மணிக்கு. அவரே போட்டுக்கொள்கிறேன் என்பார், விடாதே. பாதி கன்னத்தில்தான் விழும்.

அன்புடன்,
அம்மா