மூத்தவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வேலையில் சேரும் இளைஞர்கள், மேலதிகாரி சுட்டிக்காட்டும் குறைகளை முகம் சுளிக்காமல் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அதில் எனக்கு மாறுபட்ட கருத்தில்லை. ஆனால், பல்லாண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளரும் தன் வேலையிலுள்ள பிழையைப் பிறர் சொல்லக் கேட்டுப் பழக வேண்டும் என்று எழுதுவோர் அரிது. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்த நான், இதை என் தவறால்தான் கற்றுக்கொண்டேன்.

ஐடிஐ முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளைஞர், ஒரு நாள் காலை ஷிஃப்டில், "அண்ணா, மைக்ரோமீட்டர் ஜீரோவுல நிக்க மாட்டேங்குதுங்க" என்றார். நுண்ணளவு பார்க்கும் அந்தக் கருவி தவறான அளவு காட்டுகிறது என்பது அதன் பொருள். "வந்து மூணு மாசம் ஆகலை, எனக்கே அளவு பார்க்கச் சொல்லித் தர்றியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவரை அதட்டினேன். பம்பின் சுழலும் தண்டான ஷாஃப்டில், அதைத் தாங்கும் பேரிங் உட்காரும் இடத்தில் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு குறைந்தாலே பிடிப்பு தளர்ந்துவிடும்; அன்று மாலைக்குள் 64 ஷாஃப்டுகள் ரிஜெக்ட் ஆயின. அந்த நஷ்டத்தை நிர்வாகம் ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. அந்த இளைஞரோ அதன்பின் என்னிடம் எதையும் சுட்டிக்காட்டவே இல்லை. அதட்டியது போலவே எல்லோர் முன்னிலையிலும் நான் வருத்தம் தெரிவித்த பிறகுதான் அவர் மீண்டும் வாய் திறந்தார்.

எங்களுக்கு நஷ்டம் இரும்போடு போயிற்று. விமானத்துறை இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மூடுபனியில் மோதி 583 பேர் இறந்தனர். மற்ற விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிவிட்டதா என்று அவற்றில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்தின் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். பிற விமானிகளுக்கே பயிற்சியளிக்கும் நிலையிலிருந்த தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிப் புறப்பாட்டைத் தொடர்ந்தார். இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த நாசா 1979இல் கூட்டிய பயிலரங்கிலிருந்துதான், கீழுள்ளவர் தயங்காமல் சொல்லவும் மேலுள்ளவர் செவிகொடுக்கவும் பழக்கும் பயிற்சி வளர்ந்தது. அதன் பயன் 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் தெரிந்தது. விமானத்தைத் திருப்பிக் கட்டுப்படுத்த உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்த விமானத்தில், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் விமானி ஒருவரின் உதவியைத் தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் தயங்காமல் ஏற்றார். விமானத்திலிருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அதற்கு இந்தப் பயிற்சி பெரிதும் உதவியது என்று அவரே பின்னர் பலமுறை கூறினார்.

நம் தொழிற்சாலைகளில் ஒருவரை மேற்பார்வையாளராக உயர்த்தும்போது உற்பத்திக் கணக்கும் பாதுகாப்பு விதிகளும் சொல்லித் தருகிறோம். குறையைக் கேட்டுக்கொள்ளும் முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு நான் செஞ்சதுல எது சரியில்லை?" என்று பெயர் சொல்லி ஒருவரைக் கேட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருந்தால், இரண்டாவது வாரத்திலாவது உண்மையான பதில் கிடைக்கும். ஓய்வுபெறும்வரை நான் கடைப்பிடித்த முறை இது.

பதவி உயர்வுக்கு முந்தைய பயிற்சியில் இதற்கென ஒரு நாளையாவது நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும். மூத்த பணியாளர்களுக்கான கட்டுரைகளையும் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.