எங்கள் கிடங்கில் சிகரெட்டை நிறுத்த ஆள் சேர்த்தவர்களுக்கு

சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் கிடங்கில் நடந்த புகைநிறுத்தத் திட்டத்தின் முதல் சுற்று முடிந்தாயிற்று. அலுவலகத்திலிருந்து வந்த நன்றி மின்னஞ்சலில் மேலாளர்கள் பெயர்தான் இருந்தது (அது எப்போதும் அப்படித்தான்). நிஜமாக ஆட்களைக் கூட்டி வந்தவர்களுக்கு நான் தனியாக எழுதுகிறேன்.

முதல் நன்றி ஃபோர்க்லிஃப்ட் அண்ணனுக்கு. சுவரொட்டி ஒட்டினோம், கருகிப்போன நுரையீரல் படம் காட்டினோம், ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? 2020 ஜூலையிலிருந்து சிகரெட் பெட்டியில் முக்கால்வாசி எச்சரிக்கைப் படம்தானே, பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன ஆட்கள். அண்ணன் ஒருநாள், புகைக்க அனுமதி உள்ள மஞ்சள் கட்டத்துக்குள் கையில் சிகரெட்டோடு நின்றபடியே, "நான் பேர் கொடுத்துட்டேன், தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, யாராவது வாங்கடா" என்றார். அன்று மதியமே சிலர் கூடப் போனார்கள்.

காரணம் ஆளுக்கு ஒன்று. 2023 பட்ஜெட்டில் புகையிலை வரி 15 விழுக்காடு ஏறிய பிறகு காசுக் கணக்குதான் அதிகம் கேட்டது. அப்போது ஒரு பெட்டி ஏறக்குறைய 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நாளுக்கு ஒன்று என்றால் மாதம் 450, ஊருக்கு அனுப்பினால் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆகும் என்றார் ஒரு தம்பி. முத்தம் கொடுக்கப் போனால் மகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள் என்றார் இன்னொருவர். புற்றுநோயைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அப்புறம் எங்கள் ஷிஃப்ட் மேலாளருக்கு. கூட்டத்தை வேலை முடிந்து வைத்தால் எவன் இருப்பான், கம்பெனி பஸ் போய்விடுமே! வேலை நேரத்திலேயே அரை மணி விட்டதோடு, சேர்ந்தவர்களின் பெயர் ஆலோசகரிடம் மட்டும் இருக்கட்டும், எனக்கே வேண்டாம் என்றும் சொன்னீர்கள். வேலை பெர்மிட்டில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம் சார். பெயர் கொடுத்துவிட்டு விட முடியாமல் போனால் அடுத்த புதுப்பிப்பில் அதுவே குறையாக நிற்குமோ என்ற பயம் அவர்களுக்கு உள்ளுக்குள் இருந்தது.

கணக்குப் பிரிவு அக்காவுக்கும் நன்றி, சண்டை போட்டதற்கும் சேர்த்து. சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது, ஆளுக்கு 50 வெள்ளி முன்பணம் வாங்கி, விட்டவர்களுக்குத் திருப்பித் தருவோம் என்றீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்களிடமும் அவர்களைச் சேர்ந்தவர்களிடமும் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பரிசு தருகிறோம் என்றபோது 90 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள், முன்பணம் கட்டு என்றபோது 13.7 விழுக்காட்டினர்தான். முன்பணம் கட்டத் துணிபவர்களுக்கு அதனால் பலன் கூடுதல் என்பதும் அதிலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஆளே வராவிட்டால் அந்தப் பலனை வைத்து என்ன செய்வது? கடைசியில் முன்பணம் இல்லாமல் பரிசுப் பற்றுச்சீட்டுக்கு (வவுச்சர்) ஒத்துக்கொண்டீர்களே, அது போதும்.

ஆலோசகர் அம்மாவை மறக்க முடியாது. ஊதிப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி இருக்கிறதே, மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டுவது, அதுதான் இரண்டாவது வாரத்தில் புது ஆட்களை இழுத்து வந்தது. நிறுத்தி ஓரிரு நாளில் அந்த எண் இறங்கிவிடும். சாப்பாட்டு மேசையில், "எனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு" என்று ஒரே போட்டி, நாலு நம்பர் லாட்டரி முடிவு வந்த மாதிரி. நிக்கோடின் பட்டையை எங்கே ஒட்டுவது, சூயிங்கத்தை எப்படி மெல்லுவது என்று அவர் தமிழிலும் மலாயிலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

28 நாள் புகைக்காமல் இருப்பது என்ற சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கைத்தான் நாங்களும் வைத்துக்கொண்டோம். தாண்டியவர்களும் உண்டு, நடுவில் மறுபடி பற்றவைத்தவர்களும் உண்டு. பற்றவைத்தவர்களே, வெட்கப்படாமல் கடைசிக் கூட்டம் வரை வந்தீர்களே, உங்களுக்கும் நன்றி.

அடுத்த சுற்றில் இரவு ஷிஃப்ட்டுக்கும் அரை மணி கேட்டிருக்கிறோம். சேர நினைப்பவர்கள் என்னிடம் சொல்ல வேண்டாம், நேராக ஆலோசகரிடமே பெயர் கொடுங்கள்.