ஆலோசகரிடம் போகச் சொன்னதற்காக அழுத அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை இரவு நீங்கள் தொலைபேசியில் பேசியது இன்னும் காதில் நிற்கிறது. "ஏழு வருடமாக முதுகு வலியோடு கிடக்கிறேன் தம்பி. கடைசியில் எனக்குப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்றீர்கள். நடந்தது இவ்வளவுதான்: மருத்துவர் கொடுத்த சீட்டில் பிசியோதெரபிக்கு அடுத்த வரியில் உளவியல் ஆலோசனை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன் என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அப்படியொரு சீட்டை மடித்து அலமாரியில் போட்டுவிட்டவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆகவே உங்களிடம் கேட்டுக்கொண்டு, பெயரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வலி நிஜம். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை, அந்த மருத்துவருக்கும் இருந்திருக்காது. பொய் வலி என்று நினைத்திருந்தால் ஒரு மாத்திரையை எழுதி அனுப்பியிருப்பார்.

எனக்கு இது 34 வயதில் வந்தது. அரிசி மூட்டையை இழுத்து நகர்த்தியபோது இடுப்பில் பிடித்தது. பத்து நாளில் போய்விடும் என்று நினைத்தேன், நான்கு வருடம் நின்றது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு மருத்துவர் சொன்னார்: "அறுபது வயதுக்காரரின் முதுகெலும்பு உங்களுக்கு. இனிமேல் குனியவே கூடாது." அவர் அடுத்த நோயாளி வருவதற்குள் அதை மறந்திருப்பார். நான் நான்கு வருடம் அந்த வாக்கியத்தைச் சுமந்தேன். இடுப்பு பெல்ட் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கீழே விழுந்த பேனாவைக் கால்விரலால் எடுத்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். "அப்பாவுக்கு முடியாதும்மா" என்பேன். ஒரு கட்டத்தில் அவள் வந்து நிற்பதையே விட்டுவிட்டாள்.

உங்கள் அறிக்கையிலும் தேய்மானம், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) பிதுக்கம் என்று இருக்கிறது, தெரியும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகில் வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. 40 வயதை ஒட்டியவர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது, 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. இவர்கள் வலி இல்லாதவர்கள், அக்கா. தலையில் நரை தெரிவது போல முதுகில் வயது தெரிகிறது. இதை நான்கு வருடத்துக்கு முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனம் ஆறவில்லை.

எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியவையும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ வருவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் எலும்பில் பெரிய கோளாறு இல்லாமல் வலி எப்படி ஏழு வருடம் நிற்கும் என்று கேட்பீர்கள். உங்கள் தையல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே துணி, அதே ஊசி. மேல்நூல் திருகை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால் தையல் சுருங்கிப்போகிறது. துணியில் குறை தேடி என்ன பயன்? மாதக்கணக்கில் வலி நீடிக்கும்போது தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடுகின்றன. தூக்கம் கெட்டால் அந்தத் திருகு இறுகும். பயம், கடன் கவலை, யாரும் நம்பவில்லையே என்ற மனக்கசப்பு, குனிந்தால் ஒடிந்துவிடும் என்ற எண்ணம் எல்லாம் அதை இறுக்கும். இவை மனத்தோடு நின்றுவிடுவதில்லை. நரம்பு வரைக்கும் போகின்றன. மாமா தவறிய வருடம்தான் உங்கள் வலி இரண்டு மடங்கானது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள்.

வலிக்குப் பலர் சேர்ந்து வைத்தியம் செய்ய வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் ஜான் பொனிக்கா. மயக்கவியல் மருத்துவர். இளம் வயதில் மல்யுத்தம் செய்து பிழைத்தவர், அந்தக் காயங்களின் வலியோடே வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் வேலை செய்தபோது, தீராத வலிக்காரர்களைத் தனியாளாகப் பார்த்துக் குணப்படுத்த முடியாது என்று கண்டுகொண்டார். பின்னாளில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பல துறைக்காரர்கள் சேர்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசும் வலி மருத்துவப் பிரிவை உருவாக்கினார். வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளரும் அங்கே வேலை செய்தார். அவரிடம் பிறகு வருகிறேன், உங்களுக்கு மிகவும் தேவைப்படுபவர் அவர்தான்.

நான் போன இடத்தில் ஒரு மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஓர் உளவியலாளர் என்று மூன்று பேர் இருந்தார்கள். அதற்கு முன்பும் பலரைப் பார்த்தவன்தான் நான். ஒருவர் குனியாதே என்பார், அடுத்தவர் குனிந்து பழகு என்பார், மூன்றாமவர் தரையில் படு என்பார். இங்கே மூவரும் எனக்கு முன்னாலேயே பேசி, ஒரே இலக்கை வைத்தார்கள். மகளைத் தூக்க வேண்டும் என்பதுதான் அது. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். காலிக் குடம். "எடுங்கள்" என்றார். என் கை அதன் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது, தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உளவியலாளர் கேட்டார்: "இந்த நொடி கண்ணுக்குள் என்ன தெரிகிறது?" டிஸ்க் பிதுங்கித் தெறிப்பது போலத் தெரிகிறது என்றேன். "எடுத்தால் வலி பத்துக்கு எத்தனை வரும்?" ஒன்பது என்றேன். அதை ஒரு தாளில் எழுதிவைத்தார். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே குனியச் சொன்னார்கள். எடுத்தேன். வலித்தது, நான்கு என்று சொல்லலாம். ஒன்பதுக்குப் பக்கத்தில் நான்கு என்று எழுதினார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை குடத்தில் ஒரு செம்பு தண்ணீர், அதற்கடுத்த முறை இரண்டு. பதினொரு வாரம் கழித்து நிறைகுடத்தைத் தூக்கி வைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்களைப் பைத்தியம் என்பவர் அல்ல, பயத்தையும் வலியையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுபவர்தான் அந்தச் சீட்டில் இருக்கும் ஆலோசகர்.

இப்போது ஃபோர்டைஸ். வலி வரும்வரை வேலை, வந்ததும் ஓய்வு என்றுதான் நாம் எல்லோரும் இருக்கிறோம். அந்தக் கணக்கை மாற்றி, அளவைக் கடிகாரத்திடமும் எண்ணிக்கையிடமும் கொடுக்கச் சொன்னவர் அவர். உங்கள் தீபாவளியை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் குவிந்ததும் பதினான்கு மணி நேரம் ஒரே இருப்பாகத் தைப்பீர்கள். பண்டிகை முடிந்ததும் ஐந்து நாள் பாயை விட்டு எழ மாட்டீர்கள். வருடத்துக்கு வருடம் தைக்கும் நேரம் குறைந்து, படுக்கும் நாள் கூடியிருக்கிறது, இல்லையா? வலி இல்லாத நாளானாலும் இருபது நிமிடம் ஆனதும் எழுந்து முற்றத்தில் நாலு நடை நடக்க வேண்டும். வலிக்கிற நாளானாலும் குறித்த இருபது நிமிடத்தைத் தைத்துவிட வேண்டும். இரண்டாவதைவிட முதலாவதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கை ஓடும்போது இயந்திரத்தை நிறுத்துகிறவர் நீங்கள் அல்லவே.

முழுதாக வலி போய்விடுமா என்று கேட்டீர்கள். பலருக்கு முழுதாகப் போவதில்லை. எனக்கும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கிறது. 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 342 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சியை எட்டு வாரம் எடுத்தவர்களில் 58 சதவீதம் பேர், தியானமும் யோகாவும் கலந்த மனவிழிப்புப் பயிற்சி எடுத்தவர்களில் 61 சதவீதம் பேர், 26 வாரங்களில் அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். வழக்கமான வைத்தியத்தில் மட்டும் இருந்தவர்களில் அது 44 சதவீதம். வித்தியாசம் மலையளவு இல்லைதான். ஆனால் கத்தி வைக்காமல், வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரை இல்லாமல் கிடைத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனிக் காரணம் கண்டறியப்படாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை ஆகியவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்ஷனையும் வேண்டாம் என்கிறது. நாம் இருவரும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தது இந்த இரண்டுக்கும்தான்.

நான் போனது போல எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் நம் ஊரில் கிடைப்பது அரிது. அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு ஒரு கட்டடம், பிசியோதெரபி ஒரு கட்டடம், மனநலப் பிரிவு இன்னொரு கட்டடம். அவர்கள் ஒருவரோடொருவர் பேச நேரம் இருக்காது. அந்த வேலையை உங்கள் அளவு நோட்டு செய்யட்டும். யாருக்கு எத்தனை அங்குலம் என்று எழுதுகிறீர்களே, அதே மாதிரி ஒன்று. முதல் பக்கத்தில் உங்கள் இலக்கை எழுதுங்கள். வலி போக வேண்டும் என்று எழுதாதீர்கள். பேத்திக்குப் பாவாடை தைக்க வேண்டும், மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் போட வேண்டும் என்பது போல இருக்கட்டும். ஒவ்வொருவரும் சொன்னதை அவர்கள் எதிரிலேயே எழுதி, அடுத்தவரிடம் காட்டுங்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் முட்டிக்கொண்டால் கேளுங்கள், தயங்காதீர்கள்.

ஆலோசகரைப் பார்க்க வியாழக்கிழமை பதினொரு மணி என்று சீட்டில் இருக்கிறது. ஒன்பதரைக்கு நான் வந்துவிடுவேன். பேருந்திலேயே போவோம், நடுவில் எழுந்து நிற்கத் தோதாக இருக்கும். நீங்கள் உள்ளே இருக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெல்ட்டை எடுப்பது பற்றி அன்றைக்கே பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுவிடலாம். நோட்டு நான் வாங்கி வருகிறேன், நீங்கள் பேனாவை மட்டும் எடுத்து வையுங்கள்.

உங்கள் தம்பி