செயலாளரின் ஆண்டறிக்கை: ஜப்பானியர் காலத்துச் சீன நோட்டுகள்

அவைத்தலைவர் அவர்களுக்கும் செயலவை நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் நாணயப் பரிமாற்ற நாளும் பள்ளி மாணவர்களுக்கான அறிமுக வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. கணக்கு வழக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி, சென்ற பொதுக்கூட்டத்தில் தொடங்க முடிவு செய்த சீன நோட்டுத் தொகுப்பைப் பற்றித்தான்.

"நம் வீட்டுப் பெட்டியிலேயே வாழைமர நோட்டு கிடக்கிறது, சீன நோட்டு எதற்கு?" என்று அன்றே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மலாயாவைப் பிடித்திருந்தபோது ஜப்பானியர், நாம் வாழைமர நோட்டு என்று சொல்லும் ஒரே வகைப் பணத்தை அடித்து இறக்கினார்கள். சீனாவில் அப்படிச் செய்யவில்லை. பிடித்த பகுதிக்கெல்லாம் ஒரு பொம்மை அரசு, அதற்கென்று ஒரு வங்கி. மஞ்சூரியாவில் 1932-இல் ஒன்று. சாங்ஜியாகோவில் 1937-இல் மெங்சியாங் வங்கி. பீக்கிங்கில் 1938-இல் ஃபெடரல் ரிசர்வ் வங்கி. ஷாங்காயில் 1939-இல் ஹுவா சிங் வணிக வங்கி. நான்ஜிங்கில் 1941 ஜனவரியில் மத்திய ரிசர்வ் வங்கி. ஜப்பானிய ராணுவமே வெளியிட்ட ராணுவ நோட்டுகள் வேறு. இவை எல்லாம் மல்லுக்கு நின்றது ஜப்பானியரை எதிர்த்த சியாங் கை ஷேக்கின் சீன அரசு 1935 முதல் புழங்கவிட்ட ஃபாபி என்ற பணத்தோடு. ஒரு நாட்டைப் பணத்தாலேயே கூறுபோட்டது நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். அதனால் தொகையை வைத்து அடுக்காமல் வங்கிவாரியாக அடுக்கியிருக்கிறோம்.

படங்களைப் பாருங்கள். மெங்சியாங் நோட்டில் ஒட்டகமும் ஆடும். பீக்கிங் நோட்டில் கன்பூசியஸ், குவான் யூ என்று பழைய பெரியவர்கள். நம் பினாங்குச் சீனக் கோயில்களில் செம்முகத்தோடு நிற்கும் அதே குவான் யூதான். நான்ஜிங் நோட்டில் சீனக் குடியரசை நிறுவிய புரட்சித் தலைவர் சுன் யாட் சென்னும் அவரது சமாதி மண்டபமும். ஃபாபியிலும் சுன் யாட் சென்தான்! இரு தரப்பும் ஒரே மனிதரை வாரிசுரிமைக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். 1910-இல் இதே பினாங்கில் தங்கிப் புரட்சிக்குப் பணம் திரட்டியவர் அவர். நான்ஜிங் பொம்மை அரசின் தலைவர் வாங் சிங்வேயின் மனைவி சென் பிஜுன் பிறந்ததும் பினாங்கில்தான். சீன நோட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

விலை விஷயம். நான்ஜிங் வங்கியின் சாதாரண நோட்டுகள் மலிவு. காரணம், அவ்வளவு அடித்துத் தள்ளினார்கள். 1945-இல் ஒரு லட்சம் யுவான் நோட்டுவரை போனது. போர் முடிந்ததும் சோங்கிங் அரசு, அதாவது சியாங் கை ஷேக்கின் அரசு, அறிவித்த மாற்று விகிதம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: பீக்கிங் பணம் ஐந்து கொடுத்தால் ஒரு ஃபாபி, நான்ஜிங் பணமோ 200 கொடுத்தால்தான் ஒரு ஃபாபி. நான்ஜிங் பணத்தில் சேர்த்துவைத்திருந்த ஷாங்காய்க்காரர்களின் சேமிப்பு ஒரே அறிவிப்பில் கரைந்தது. ஹுவா சிங் நோட்டு நம்மிடம் ஒன்றுகூட இல்லை. மக்கள் அதைக் கையில் வாங்கவே தயங்கினார்கள், அதனால் புழங்கியதே குறைவு. சந்தைக்கு வந்தாலும் நம் நிதிக்கு எட்டாது, ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம், செயலவையில் காரசாரமாகப் பேசப்பட்ட ஒன்று. கன்பூசியஸ் உள்ள ஒரு யுவான் நோட்டில் அவர் கைவிரல்கள் ஜப்பானியரை ஆபாசமாகக் கேலி செய்கின்றன என்றும், செதுக்கியவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. நான்ஜிங் நோட்டுகளின் பூவேலைக்குள், சீனர்களிடையே வசையாகக் கருதப்படும் ஆமையும், 'மத்திய அரசு விரைவில் திரும்பும்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளும் ஒளிந்திருப்பதாக இன்னொன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. விற்பவர்கள் இதையே சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். என் கருத்து: கண்காட்சிச் சீட்டில் 'என்று சொல்வார்கள்' என்பதோடு நிறுத்துவோம், கதைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டார்கள்.

ஹாங்காங் ராணுவ நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1941 கிறிஸ்துமஸ் அன்று நகரம் விழுந்த பிறகு இரண்டு ஹாங்காங் டாலருக்கு ஒரு ராணுவ யென் என்று மாற்ற வைத்தார்கள். 1942 ஜூலையில் அதையே நான்கு டாலர் ஆக்கினார்கள். 1943 ஜூனிலிருந்து டாலர் வைத்திருப்பதே குற்றம். 1945 செப்டம்பர் 6-இல் ஜப்பானிய நிதி அமைச்சு ராணுவ யென் செல்லாது என்று அறிவித்துவிட்டது. நோட்டு வைத்திருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து 1993-இல் டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். 1999-இல் தள்ளுபடி ஆனது. ஆக, இது பலருக்கு இன்னும் வராக்கடன். யாராவது குடும்பத்தார் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தால் சந்தை விலையைச் சொல்லி முகத்தில் அடிக்காதீர்கள். முதலில் அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வேண்டுகோள். நம்மூர் ஈரத்தில் பழைய தாளில் பழுப்புப் புள்ளி சீக்கிரம் விழும். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். நோட்டைக் கழுவி இஸ்திரி போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

வரும் ஆண்டில் மஞ்சூரியப் பகுதியை நிரப்ப எண்ணம். இரட்டையாக உள்ள நான்ஜிங் நோட்டுகளைக் கொடுத்து மாற்றிக்கொள்ள உறுப்பினர்கள் உதவ வேண்டும். அதற்கான பட்டியலும் புதிய செயலவைக்கான வேட்புமனுப் படிவமும் வாசல் மேசையில் இருக்கின்றன.

செயலாளர்