ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே வருகிறது, அத்தை

அன்புள்ள அத்தை,

என் நாவலின் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். எழுத்துப்பிழைகளை மட்டும் குறித்து அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கை வைக்கவில்லை. வேறு யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆடிப் பண்டிகைக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். நீங்கள்தான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

புத்தகம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த அத்தியாயத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மகளின் பள்ளிக்கூடப் பணத்துக்காக ஒருத்தி வெள்ளித் தூளைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகிறாளே, அதை. அவளை மாட்டிவிடாமல் விட்டதற்கு நன்றி என்று மதுரையிலிருந்து ஓர் அம்மா எழுதினார். ஏழைகளைத் திருடர்களாகக் காட்டாதே என்று ஒருவர் திட்டினார். உங்கள் வீட்டுக் கதையா என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. ஆண்கள் கதை எழுதினால் அதற்குப் போட்ட உழைப்பைப் பற்றிக் கேட்பார்கள். பெண்கள் எங்களிடம் வீட்டு விலாசம் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்கக்கூட இல்லை, அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன்: என் அத்தை ஒரு குன்றிமணி வெள்ளி எடுத்ததில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நீங்கள் வேலை செய்த கொலுசுப் பட்டறையிலிருந்து கிளம்பும்போது என்னை வாசற்படிக்கு உள்ளேயே நிறுத்துவீர்கள். மண்டி போட்டு, மெருகு பிரஷ்ஷால் பாவாடை மடிப்பு, செருப்பின் அடி, நகக்கண் எல்லாம் தட்டுவீர்கள். கை கழுவின தண்ணீரும் வாளிக்குத்தான் போகும். அடியில் படிவதும் முதலாளி கணக்கு. "எடை போட்டு வாங்கினது எடை போட்டுப் போகணும் கண்ணு." கொலுசு, வெட்டுத் துண்டு, தூள் எல்லாம் சேர்த்தும் எடை குறைந்தால், சேதாரத்துக்கு மேல் போவது கூலியில் பிடித்தம்.

ஒருநாள் என் பின்னலில் கடுகளவு வெள்ளிக் குண்டு ஒன்று சிக்கியிருந்தது. எடுத்தீர்கள். தூள் சேர்க்கிற தட்டில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பற்றவைக்கிற புகையில் கண் சிவந்திருந்தது, அல்லது புகையினால் இல்லை. அந்த வாரம்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டவேண்டியிருந்தது. வீட்டில் இருந்த பணம் எங்கே போனது என்று இங்கே எழுதமாட்டேன். நம் ஆட்களும் படிக்கிறார்கள்.

அப்புறம் தட்டில் போட்டுவிட்டீர்கள். என் நாவலில் வருகிறவள் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம், அதை நான்தான் உண்டாக்கினேன். அவளுக்கு அந்தப் பணம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். உங்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்றும்.

ஊர் வாய் உங்கள் மேல் விழுந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் அத்தை, சின்ன மருமகள் படித்துக்காட்டிய இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு என் போனை எடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? தலைமுடியைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பேசாமல் இருப்பதை என்ன செய்வது? முன்பின் தெரியாத மனுஷி முழுசாகப் படித்துவிட்டுக் கடிதம் போடுகிறாள். நீங்கள் அட்டையைக்கூடத் திறக்கவில்லை.

புத்தகத்தில் உங்கள் பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். போட்டால் ஊர் உறுதிப்படுத்திக்கொள்ளும். போடவில்லை.

புதுப் பிரதி ஒன்று கூரியரில் வரும். மருமகளிடம் கொடுக்காதீர்கள். மெதுவாக எழுத்துக்கூட்டி நீங்களே படியுங்கள். அப்புறம் போனை எடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் கண்ணு